எல்லாருக்கும் 'சூப்பர்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முக்கடல் சங்கமத்தில் படம் எடுப்பவர்கள் வெளிநாட்டுப் பயணிகளைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, 'சூப்பர்' என்ற பொருளில் வளையம் காட்டச் சொல்கிறார்கள். ஓட்டல்களில் மீன்குழம்பு கொள்ளாமா (நன்றாக இருக்கிறதா) என்று கேட்பதும் இதே கையால்தான். தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரை, பரதத்தின் ஹம்சாஸ்ய முத்திரை என்று பார்த்துப் பழகிய நமக்கு இதில் விகல்பம் தோன்றாது. வருகிறவர்களுக்குத் தோன்றலாம்.

பிரேசிலிலும் துருக்கியிலும் இது ஆபாச வசை. பிரான்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டினால் பூஜ்ஜியம், உதவாக்கரை என்று பொருள். ஜப்பானியருக்கு உள்ளங்கை மேலே பார்க்கும் வளையம் காசைக் குறிக்கும். பரிமாறியவர் அப்படிக் காட்டினால் பில்லுக்கு அவசரப்படுத்துவதாக நினைப்பார்கள். அமெரிக்காவில், இந்த வளையம் வெள்ளை இனவெறியின் அடையாளம் என்று 2017-ல் இணையக் குறும்பாகக் கிளம்பிய புரளியை வெள்ளை இனவெறியர்கள் நிஜமாகவே கையிலெடுத்தார்கள். 2019-ல் வெறுப்புப் பிரசாரத்தை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக் இதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலோர் இன்னும் நல்ல அர்த்தத்தில்தான் காட்டுகிறார்கள் என்று அந்த அமைப்பே சொல்கிறது. ஆனாலும் குழுப்படத்தில் இடுப்புக்குக் கீழே தலைகீழாக வளையம் பிடிக்கச் சொல்வதை நிறுத்திவிடலாம்.

காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நுனியோடு நுனி சேர்த்து, மற்ற மூன்று விரல்களையும் விரித்து நிமிர்த்தி, உள்ளங்கை எதிராளியைப் பார்க்க, நெஞ்சுயரத்தில் காட்டலாம். மூன்றையும் மடக்கினால் மிஞ்சுவது வெறும் ஓட்டை. அது இன்னும் தவறாகப் படலாம். அதற்குப் பதில் கட்டைவிரலை உயர்த்தலாமே என்றால், ஈரானில் அதுவும் வசை. சிரித்த முகத்தோடு வாயால் 'ஓகே?' என்று கேட்பது உத்தமம்.

கடலுக்கடியில் மட்டும் இந்த வளையத்துக்கு மாற்று கிடையாது. மூச்சடக்கிச் சிப்பி குளித்துப் பழகியவர்கள் சிலிண்டர் கட்டி மூழ்கப் பயிலும்போது இதைத்தான் முதலில் மனதில் பதிக்க வேண்டும். அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போவோம்' என்று அர்த்தம். நலம் என்று சொல்ல நினைத்து அதைக் காட்டினால், கூட வந்தவர் மேலே ஏறத் தொடங்கிவிடுவார். வளையம் கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். கேட்டவருக்கு அதே வளையத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும், தலையாட்டினால் போதாது. பதில் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று கொண்டு உடனே அருகில் போக வேண்டும். கோளாறு என்று சொல்ல, விரித்த கையைக் கவிழ்த்து இருபுறமும் ஆட்டுவார்கள். நீர்மட்டத்துக்கு வந்தபின் விரல் வளையம் படகுக்குத் தெரியாது. இரு கைகளையும் தலைக்குமேல் வளைத்து நுனிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு கையில் பொருள் இருந்தால் மறுகை விரல்நுனியை உச்சந்தலையில் வைத்தால் போதும். உற்சாகத்தில் படகைப் பார்த்துக் கையை வீசக் கூடாது. அது 'காப்பாற்று' என்ற சைகை.

— சுற்றுலா வழிகாட்டி, கன்னியாகுமரி