டோரின்னா கொள்ளைக்காரன், அவ்ளோதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதில்ல, பிரிட்டன்ல ஒரு கட்சிக்காரங்களச் சொல்ற பேரப் பத்தி "டோரி என்பது கொள்ளைக்காரன் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்"னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன். அந்த வார்த்தைக்குள்ள கொள்ளையே கிடையாது சார். "தோர்"னா விரட்டிப் போறது, அதோட விகுதி சேர்ந்தா "தோரி", நம்ம வேட்டைக்காரன்ல "காரன்" வர்ற மாதிரி. கொள்ளைக்காரன்ங்கற அர்த்தம் அப்புறம் ஏறினது. 1650கள்ல இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லோட ஆளுங்க ஐரிஷ்காரங்க நிலத்தப் புடுங்கிட்டு விரட்டிவிட்டாங்க, அப்படிப் போய் காட்டுலயும் சதுப்புலயும் பதுங்கி, புதுசா குடியேறினவங்ககிட்ட அடிச்சுப் பறிச்சவங்கதான் தோரி, அவங்க தலைக்கு ரேட் வேற வச்சாங்க. ஊரையே எடுத்துக்கிட்டவனுக்கு என்ன பேருன்னு உங்க பதில்ல காணோமே? 1679-81ல ராஜாவோட தம்பி, கத்தோலிக்கரான ஜேம்ஸ், அடுத்த ராஜாவாகக் கூடாதுன்னு லண்டன்ல மசோதா கொண்டுவந்தப்ப, அவர் பக்கம் நின்னவங்களத் திட்ட இதே வார்த்தைய எடுத்தாங்க, அந்தத் திட்டுதான் இன்னைக்கு கன்சர்வேடிவ் கட்சிக்குப் பட்டப்பேரு.

"டோ"ங்கறது இங்கிலீஷ்காரன் வாய். ஐரிஷ்ல அது பல்லுல நாக்கு தட்டுற நம்ம தகரம். நான் இங்க அயர்லாந்துல ஒன்பது வருஷமா நர்ஸ், ரெண்டு வருஷம் சாயங்கால ஐரிஷ் கிளாஸ் போனவ, மொத நாளே அந்த எழுத்த சரியா சொன்னது நான் மட்டும்தான். கூப்பிடும்போது நாம "தம்பீ"ன்னு வால இழுப்போம், அவங்க தலைய மாத்துவாங்க, தோரியக் கூப்பிட்டா "அ ஹோரி"! இதெல்லாம் எழுதினா பக்கம் பத்தாதுதான், ஜோசியத்துக்கு மட்டும் ரெண்டு பக்கம் பத்தும்.

அயர்லாந்து பிரதமர் பதவியோட ஐரிஷ் பேர நீங்க "தாவோய்சீச்"னு போட்டப்பவே, அது "தீஷக்"னு எழுதி அனுப்பினேன். பதில் இல்ல. மீன் குழம்பு துணுக்கு அனுப்பினேன், அடுத்த வாரமே வந்துச்சு, கீழ "டப்ளின், இங்கிலாந்து"ன்னு. பெருமையா வார்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன், கூட வேலை பாக்கற ஐரிஷ் அம்மா என்ன போட்டிருக்குன்னு படிச்சுக்காட்டச் சொன்னாங்க, கடைசி வரிய மட்டும் முழுங்கிட்டேன். இங்கிலாந்துகிட்ட எழுநூறு வருஷத்துக்கு மேல அடிபட்டு வெளிய வந்தவங்ககிட்ட அத எப்படி சார் படிக்கறது?

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க. இடம் இல்லைன்னா பரவால்ல, இந்தக் கடிதத்தப் போட்டீங்கன்னா ஊர் பேரையாவது நான் எழுதின மாதிரியே விட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டப்ளின், அயர்லாந்து.