பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்க்கத்தக்க பயிற்சி வகுப்புகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோ செய்யவும் கணினி நிரல் எழுதவும் டிரோன் பறக்கவிடவும் வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதிலும், பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்து வருவதைத் தவிரப் பெற்றோருக்கு வேலை இல்லை. தாயோ தந்தையோ பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, தமக்கும் விடை தெரியாத ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு வாரம் ஒரு பக்கத்தைத் தங்கள் இதழ் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் வேலையில் 18 ஆண்டுகளாக இருப்பவன். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கிய இந்த ஊரில், அந்த ஓசையைக் கேட்டே வளரும் பிள்ளைகள் பலர் மோட்டாரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பொம்மை மோட்டார் பெட்டி வந்தது. காயில் முதற்கொண்டு எல்லாம் அதில் தயாராக இருந்ததால், பத்து நிமிடத்தில் ஓடி, மறுநாளே அலமாரிக்குப் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் நாங்களே ஒன்று செய்ய உட்கார்ந்தோம். பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்குகள், அவற்றைப் பேட்டரியின் இரு முனைகளிலும் இறுக்கிப் பிடிக்கச் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், பட்டறையில் மிச்சமான எனாமல் கம்பி (மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள செப்புக் கம்பி) ஆகியவைதாம் பொருள்கள். கம்பியைப் பேட்டரியின் மேலேயே பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, இரு நுனிகளையும் எதிரெதிரே நீட்டி, ஊக்குகளின் துளைகளில் செருகி, காயிலுக்குக் கீழே பேட்டரியின் மேல் காந்தத்தை வைத்தோம். இணைப்புக் கொடுக்கும் முன் நுனிகளில் உள்ள எனாமலை ஒரு பொட்டு விடாமல் சுரண்டிவிடுவது எங்கள் தொழிலின் முதல் பாடம் என்பதால், நான் இரண்டு நுனிகளையும் முழுக்கச் சுரண்டிக் கொடுத்தேன். காயில் ஓடவில்லை, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, ஒரே நிலையில் வந்து நின்றது. கம்பியை மாற்றினேன், காந்தத்தைப் புரட்டினேன், புதுப் பேட்டரி போட்டேன். மதியம் வரை அதே கதைதான்.

"ஏனுங்கப்பா, பாதி சுத்துன வரைக்கும் நல்லாத்தானே வருது, அப்புறம் எதுக்கு அதுவே திரும்பி வருது?" என்று கேட்ட மகள், ஓர் ஊக்கின் அடிப்பகுதியை விரல்நுனியால் நெம்பி, காயில் பாதி திரும்பியதும் மின்சாரத்தைத் துண்டித்தும் அடுத்த பாதியில் சேர்த்தும் பார்த்தாள். காயில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அரைச் சுற்றுக்குப் பிறகும் மின்சாரம் அதே வழியில் பாய்ந்தால், காந்தம் முன்னே தள்ளிய காயிலையே பின்னுக்கு இழுக்கும், அந்த அரைச் சுற்றில் மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், வந்த வேகத்திலேயே காயில் கடந்துவிடும். காயிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நுனியின் மேற்பாதியில் மட்டும் அவள் அம்மாவின் நகப்பூச்சைத் தடவி, காய்ந்த பிறகு மாட்டி, விரலால் மெல்லச் சுண்டிவிட்டோம். காயில் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழன்றது.

கழிவுப்பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டிவருபவரும், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவருமான அரவிந்த் குப்தாவின் செய்முறையில், நுனியில் எனாமலைச் சுற்றிலும் சுரண்டிவிடாமல் ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும் என்பது தெளிவாகவே சொல்லப்பட்டிருப்பதைப் பிறகு பார்த்தேன். தம் புத்தகங்களையும் செய்முறைகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அவருக்கு என் நன்றி. ஆயினும் அதை முன்னமே படித்திருந்தால் எங்கள் மோட்டாரும் பத்து நிமிடத்தில் ஓடியிருக்கும்; அந்தச் சனிக்கிழமை எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆகவே தாங்கள் வெளியிடும் பக்கத்தில், "ஐந்தே நிமிடத்தில் செய்யலாம்" என்ற வகைத் தலைப்புகள் வேண்டாம். பொருள்களையும் தொடக்கத்தையும் மட்டும் ஒரு வாரம் தந்து, ஓடாமல் போனதற்கான காரணங்களை வாசகர்களிடமிருந்தே வாங்கி அடுத்த வாரம் வெளியிடுங்கள்.

பாதுகாப்புக் குறிப்பை மட்டும் முதல் வாரமே பெரிய எழுத்தில் போட வேண்டும். இந்தக் காயில் நின்றுவிட்டால் பேட்டரியை ஏறக்குறைய நேரடியாக இணைத்ததற்குச் சமம். சில நொடிகளில் இரண்டும் சுடும், உடனே எடுத்துவிட வேண்டும். 1.5 வோல்ட் சாதாரண பேட்டரி போதும். கைப்பேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியையோ வீட்டுப் பிளக்கையோ எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

செலவே இல்லாதவையும் உண்டு. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் மார்ச் 21ஐ ஒட்டி மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தால், கோவையில் நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.30க்கு, அப்போது அதன் நீளம் 19 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அந்த நீளத்திலிருந்தே நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருப்பதைக் கணக்கிட்டுவிடலாம். உச்சிவேளை ஏன் அரைமணி தள்ளி வருகிறது என்று பிள்ளை கேட்கும். நம் கடிகாரங்கள் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன என்பதில் தொடங்கி அன்று மாலை முழுவதும் பேசலாம்.

ஐந்து சுற்றுக் காயிலும் முப்பது சுற்றுக் காயிலும் கட்டி, எது வேகமாக ஓடுகிறது என்று பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறாள் என் மகள். தாங்கள் பக்கத்தைத் தொடங்கினால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவள் கைப்படவே எழுதி அனுப்பி வைப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.