பிடிமண் கொடுத்தாச்சு

உ

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் நீ அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

சித்திரை கடைசி வெள்ளியன்று பிடிமண் கொடுத்தாச்சு. ஆனி முதல் வெள்ளி புரவி எடுப்பு, மண் குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகிற நாள். ரயில் டிக்கெட்டை இப்போதே போடு. அறுபது நாளைக்கு முன்பே புக்கிங் திறந்துவிடுகிறார்கள், கடைசியில் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். பல்லவனில் ஏறினால் அன்று ராத்திரியே புதுக்கோட்டையில் இறங்கிவிடலாம். ராத்திரி பஸ் வேண்டாம்.

பிடிமண் என்பது பேருக்கு ஒரு பிடிதான். கண்மாய்க்குள் மடைக்குக் கிழக்கே எடுத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், தட்சணையோடு, குதிரை செய்கிற வேளாரிடம் கொடுத்தோம். துண்டை ரெண்டாக மடித்து ஏந்தி வாங்கிக்கொண்டார். அந்த ஒரு பிடியை முதல் குழையலில் கலந்துவிடுவார், அதற்குப் பிறகுதான் வண்டி மண் வரும். ஊர்க்குதிரை ரெண்டு. 1948-ல் சமஸ்தானமே போய்விட்டது, முதல் குதிரைக்கு இன்னும் அரண்மனைப் புரவி என்றுதான் பேர். நேர்த்திக் குதிரை இந்தத் தடவை 14, மதலைப் பொம்மை, அதுதான் குழந்தை உருவம், தனி. பதினாலில் ஒன்று நம்முடையது. அப்பத்தா உனக்காக நேர்ந்துகொண்டது எத்தனை வருஷமாக நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் குதிரை 4 அடி. இந்தத் தடவை சூளையில் எதுவும் போகக்கூடாது என்று வேளார் கவனமாக இருக்கிறார். வெறும் களிமண்ணாக இருந்தால் காயும்போதே சுருங்கி வெடிக்கும். அதனால் மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிக்கிறார். உமி சூளையில் எரிந்துபோய் மண்ணுக்குள் சின்னச்சின்ன ஓட்டை விழும், உள்ளே இருக்கிற ஈரம் அது வழியாக வெளியேறும். நாலு காலையும் முதலில் குழாய் மாதிரி தனித்தனியாகச் செய்து நிறுத்துகிறார். பாரம் தாங்குகிற அளவுக்குக் கால் இறுகின பிறகுதான் மேலே வயிற்றைத் திரிதிரியாக வைத்து ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே ஏற்றினால் கால் பிதுங்கி குதிரை உட்கார்ந்துவிடும். கழுத்தும் தலையும் கடைசியில். அடிவயிற்றில் ஓட்டை விடாமல் சுட்டால் உள்ளே அடைபட்ட சூட்டில் முதுகு பிளந்துவிடும். காய்வது நிழலில்தான், வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நடுவில் ஒரு கோடை மழை அடித்தால் எல்லாம் நாலு நாள் தள்ளிப்போகும். நாற்பது நாள் கேட்கிறார் என்று ஊரில் சிலபேர் முணுமுணுக்கிறார்கள். ஒருநாள் போய் மிதித்துப் பார்த்தால் தெரியும்.

தூக்குகிற விஷயம் உனக்கு வேண்டியது, கவனமாகப் படி. நேர்த்திக்காரன் தோள்தான் முதல் தோள். பொட்டலிலிருந்து நாலு எட்டாவது நீ வைக்க வேண்டும், அப்புறம் பெரியவனோ சித்தப்பா மகனோ மாற்றிக்கொள்ளலாம். பாரம் முழுக்க வயிற்றுக்கு அடியில்தான் தாங்க வேண்டும். தூக்குகிற கழிக்கும் குதிரை வயிற்றுக்கும் நடுவே வைக்கோல் பிரியைத் தடிமனாகச் சுற்றணும். காலில் கயிறு போடவே கூடாது, முட்டியில் விண்டுவிடும். உயரம் ஒத்த ஆளாகப் பார்த்து ஜோடி போட வேண்டும், இல்லாவிட்டால் குட்டையானவன் பக்கம் சாயும். கொட்டு வேகமானால் கால் தானாக வேகம் எடுக்கும், அந்த இடத்தில்தான் ஜாக்கிரதை. கண்மாய்க் கரையில் ஏறும்போது முன்னால் இருப்பவன் தணிந்து, பின்னால் இருப்பவன் உயர்த்திப் பிடிக்கணும். கண் திறப்பு கோயிலில், வேளார் கையால். வேட்டி எடுத்துவா, பேண்ட்டோடு வந்து நிற்காதே. செருப்பில்லாமல் கொஞ்சம் நடந்து பழகு. அங்கே உனக்கு டைல்ஸ் தரைதான், இங்கே வழி முழுக்கச் சரளை.

காப்புக் கட்டின பிறகு ஊரில் இருப்பவன் வெளியே ராத் தங்கக்கூடாது. வெளியிலிருந்து வருகிறவனுக்குத் தடை கிடையாது, அதனால் வியாழக்கிழமை வந்தாலும் போதும். டிக்கெட்டைப் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லு.

உன் சம்பளத்தைப் பற்றி, நீ வாங்கின வீட்டைப் பற்றி இங்கே கேட்காத ஆள் இல்லை. நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று அம்மா ஏசுகிறாள். சொன்னால் என்ன. ஆனால் மூணு வருஷமாகப் பொங்கலுக்கும் வரவில்லை, கிடாவெட்டுக்கும் வரவில்லை. கேட்கிறவர்களுக்கு வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வரி இந்தத் தடவை தலைக்கட்டுக்கு 2,000. கல்யாணம் ஆன ஆம்பிளை ஒரு தலைக்கட்டு, கைம்பெண்ணுக்கு அரை வரி, கல்யாணம் ஆகாதவனுக்குக் கிடையாது. புதுத் தலைக்கட்டு என்றால் கல்யாணம் முடிந்து அடுத்து வருகிற திருவிழாவில் நோட்டில் ஏற வேண்டும். நோட்டில் இருக்கிற பேரைக் கூப்பிட்டுத்தான் கோயிலில் தேங்காய் மூடியும் பொங்கலும் கொடுப்பார்கள். ஒரு தேங்காய் மூடி என்ன பெரிய விலையா என்று நீ சிரிப்பாய். பேர் கூப்பிடுவதுதான் கணக்கு.

கூட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நம் வீட்டுக்கு எத்தனை என்றார். ரெண்டு என்றேன். நான் ஒன்று, பெரியவன் ஒன்று.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. அந்தப் பேச்சே எழவில்லை. எழுந்தால் என்ன ஆகுமோ என்று நானே முந்திக்கொண்டு ரெண்டு என்றுவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், அவருக்குத் தெரியும். அப்போதாவது திருத்தியிருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். ஊர் என்ன சொல்லும் என்று மூணு வருஷமாக உன்னிடம் சொன்னதெல்லாம் என் பயம்தான், ஊர் பாவம் வாயே திறக்கவில்லை. வரி கொடுக்காதவன் பேரில் ஒரு குதிரைக்குப் பிடிமண் கொடுத்துவிட்டு வந்து, நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா முளைப்பாரிக்கு வேளாரிடம் சட்டி வாங்கிவந்திருக்கிறாள். எப்போதும் ரெண்டு, அவளுக்கும் உன் மதினிக்கும். இந்தத் தடவை மூணு. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடியில் வைக்கோல், மேலே எரு, அதன்மேல் ஊறவைத்த மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும். குதிர் இருந்த உள்ளறையில் இருட்டில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். வெளிச்சம் பட்டால் பயிர் பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும், தண்ணீர் கூடினால் வேர் அழுகி நாறும். நீளமாக, வெளுத்த மஞ்சளாக வளர்ந்தால்தான் அவளுக்குத் திருப்தி. சன்னல் இடுக்கில் இப்போதே துணி அடைத்துவிட்டாள். தலையில் சுமக்கும்போது சும்மாடு முக்கியம், கழுத்தைத் திருப்பாமல் நடக்க வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் மதினி பக்கத்திலேயே நடந்துவருவாள், பயப்பட ஒன்றுமில்லை என்று மருமகளிடம் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை 2,000 ரூபாயோடு கணக்கு எழுதுகிறவர் வீட்டுக்குப் போகிறேன். மூணு என்று சொல்லப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் உனக்கு எழுதுகிறேன். நீ அதற்குக் காத்திருக்காமல் ரெண்டு டிக்கெட்டாகப் போடு.

குதிரைக்கு முன்னால் அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். உன்னுடையது தெரியும். மருமகள் பேரை இதுவரை நான் எழுதிப் பார்த்ததில்லை. ரெண்டு சுழி னவா, மூணு சுழி ணவா என்று எழுதி அனுப்பு. நட்சத்திரம் தெரியாது என்றால் பேர் மட்டும் போதும்.

இப்படிக்கு
அப்பா