ஜெயித்தவனிடம் மட்டும் கேட்கிற மன்னிப்பு

மக்களே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஆபீஸ் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, எந்தக் கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றிப் படுமோசமாகத் தப்புக்கணக்குப் போட்டோம் என்று ஆளுக்கொரு பேர் சொன்னீர்களாம். முக்கால்வாசிப் பேர் நியூகாசில் கிளப்பின் பிரேசில்காரன் ஜோயலின்டன் என்றார்களாம். கடைசியில், "அம்மா, நீ யாரைச் சொல்லுவ?" என்று ஒரு கேள்வி வேறு. போனில் பதில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பேர் சொல்வது அப்புறம் இருக்கட்டும். ஜோயலின்டன் விஷயத்தில் உன் கூட்டாளிகள் தங்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கண்ணால் பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை. பார்த்ததை வைத்துப் போட்ட தீர்ப்பில்தான் கோளாறு.

2019 ஜூலையில் இங்கிலாந்தின் நியூகாசில் எப்படி இருந்தது என்று யோசி. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் உயிராக நேசித்த பயிற்சியாளர் பெனிடெஸ் கிளப்பை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்தில் ஸ்டீவ் புரூஸ் வந்தார், அவரை வரவேற்க ஆள் இல்லை. முதலாளி மைக் ஆஷ்லி மேல் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. சரியாக அந்த வாரத்தில் 22 வயதுப் பையன் ஜோயலின்டன் வந்து இறங்குகிறான். விலை 4 கோடி பவுண்ட், அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. சட்டை எண் 9. அந்தக் கிளப்புக்குக் கோல் குவித்த ஜாக்கி மில்பர்னும் ஆலன் ஷியரரும் போட்டிருந்த சட்டை. அந்த ஊரில் அது சட்டை இல்லை, கிரீடம் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

வேடிக்கை என்னவென்றால் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் கிளப்பில் இருந்தபோதும் அவன் கோல் குவித்தவன் இல்லை. முந்தின சீசனில் லீகில் 7 கோல். எதிராளியை முட்டி மோதிப் பந்தைப் பிடுங்குவதும், முதுகைக் கொடுத்துப் பந்தைக் காப்பாற்றிப் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பதும்தான் அவன் வேலை. அதைக் கொண்டுவந்து முன்னால் தனியாக நிறுத்தி, கோல் போடு என்றார்கள். அந்த சீசனில் லீக் ஆட்டம் 38-லும் இறங்கினான். போட்டது 2 கோல். முதலாவது ஆகஸ்டில், டோட்டன்ஹாம் மைதானத்தில். அடுத்தது மறு வருஷம் ஜூனில், ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக, சொந்த மைதானத்தில். அது கொரோனா காலம். 52,000 பேருக்கு மேல் உட்காரும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் கை தட்ட ஒரு ரசிகர் இல்லை. பத்து மாசமாகக் காத்திருந்த கோலைக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் போட்டான் அந்தப் பையன். எனக்கு அவன் கதையிலேயே பிடித்தது, பாவமாக இருப்பது, இரண்டுமே அந்த இடம்தான்.

"இவனுக்குக் கோல் போடத் தெரியாது" என்று ரசிகர்கள் சொன்னது உண்மை. "இவனுக்கு ஆடத் தெரியாது" என்று அதை இழுத்துக்கொண்டு போனதுதான் வினை. அந்தக் கோபத்தில் பாதி முதலாளி மேல் இருந்த கோபம். ஆஷ்லி மைதானத்துக்குள் ஓடவில்லை, ஜோயலின்டன் ஓடினான். திட்டு யார் தலையில் விழும்?

அப்புறம் 2021 நவம்பர். புதுப் பயிற்சியாளர் எடி ஹவ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சீசனில் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நார்விச்சோடு ஆட்டம், 9-வது நிமிடத்திலேயே நியூகாசிலின் கியரன் கிளார்க் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார். மிச்சம் பத்துப் பேர். ஆள் குறைந்த அந்த நடுக்களத்துக்கு ஜோயலின்டனை இறக்கினார் ஹவ். அங்கே அவன் பந்துக்குப் பந்து மோதி எடுத்தான், எடுத்ததை இரண்டு பேரைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனான். ஆட்டம் 1-1. ஜெயிக்கவில்லை, ஆனால் நியூகாசில்காரர்கள் இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவது அந்த ராத்திரியைத்தான். அந்த சீசன் முடிவில் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் அவன். 2023 ஜூனில் பிரேசில் அணிக்கு முதல் ஆட்டம், கினியாவுக்கு எதிராக, அதிலேயே ஒரு கோல். 2025 மார்ச்சில் வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்து, 1955-க்குப் பிறகு நியூகாசில் ஓர் உள்நாட்டுக் கோப்பையைத் தூக்கியபோது நடுக்களத்தில் அவன்தான் நின்றான். இங்கே ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. உன் அப்பா பாதியில் தூங்கிவிட்டார், கடைசி விசிலுக்கு நான்தான் எழுப்பினேன்.

எங்கள் பேங்க் பிராஞ்சில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். கேஷ் கவுண்டரில் போட்டார்கள். நோட்டு எண்ணக் கை நடுங்கும், வரிசை வாசல் வரைக்கும் நிற்கும், பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் அவனை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். புது மேனேஜர் வந்து அவனைக் கடன் பிரிவுக்கு மாற்றினார். வீட்டுக் கடனுக்கு வந்த ஒரு வில்லங்கச் சான்றில் சர்வே எண்ணின் உட்பிரிவு பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சேர்ந்த வாரமே பிடித்துக் கொடுத்தான். வக்கீல் பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. ஹவ் செய்ததும் அதைத்தான். ஆளை மாற்றவில்லை, நாற்காலியை மாற்றினார்.

எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குரோஷியாக்காரர் லூகா மோட்ரிச்சுக்கு இடம் தப்பவில்லை, நேரம்தான் கொடுக்கவில்லை. (அவரை மட்டும் எனக்கு அவன் இவன் என்று எழுத வராது.) 2012 ஆகஸ்ட் கடைசியில், சீசனுக்கு முந்தின பயிற்சிகூட இல்லாமல் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். டிசம்பரிலேயே ஸ்பெயின் பத்திரிகை ஒன்றின் வாசகர்கள் ஓட்டுப் போட்டு, லீகில் அந்த வருஷத்தின் மிக மோசமான வரவு இவர்தான் என்று முடிவு கட்டினார்கள். முழுசாக நான்கு மாசம்கூட ஆகவில்லை. நம் வீட்டு மருமகளுக்குக்கூட அதைவிடக் கூடுதல் அவகாசம் கொடுப்பார்கள். 2018-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது வாங்கினார். 2025-இல் மாட்ரிட்டை விட்டுக் கிளம்பும்போது 28 கோப்பை, அந்தக் கிளப் வரலாற்றிலேயே வேறு யாருக்கும் அத்தனை இல்லை. அந்த ஓட்டுப் போட்ட வாசகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ.

பிற்பாடு பெரிய ஆட்டக்காரர்களான டி ப்ருய்னையும் சலாவையும் செல்சி கிளப் கழற்றிவிட்டதைச் சொல்வாய். அது ரசிகர்கள் கணக்கு இல்லை, பயிற்சியாளரும் நிர்வாகமும் போட்ட கணக்கு. ரசிகர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான். சலா 2017-இல் லிவர்பூலில் சேர்ந்து இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தபோது "செல்சியில் தேறாதவன்" என்ற பேச்சு கூடவே வந்தது. முதல் சீசனிலேயே லீகில் 32 கோல் போட்டதும் அந்தப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

டான் பர்னைப் பற்றி உன் மேஜையில் யாராவது பேசினார்களா? நியூகாசிலுக்குப் பக்கத்து பிளைத் ஊர்க்காரன். 11 வயதில் அந்தக் கிளப்பின் சிறுவர் அணியிலிருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி எடுத்து அடுக்கும் வேலை பார்த்திருக்கிறான். 29 வயதில் அதே கிளப் பணம் கொடுத்து அவனை வாங்கியது. 2025 இறுதி ஆட்டத்தின் முதல் கோல் அவன் தலையால் முட்டினது. ஆறரை அடிக்கும் மேல் உயரம், கார்னர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நான்கூடச் சொல்வேன். லிவர்பூல்காரர்கள் அவனை அப்படித் தனியாக ஏன் விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, அது வேறு பேச்சு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் சொன்ன பேர்களைத் திரும்பப் பார். ஒருத்தர் விடாமல் எல்லாரும் பின்னால் ஜெயித்தவர்கள். கோப்பை வாங்கியவனிடம் போய், "அய்யோ, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டோமே" என்று சொல்ல என்ன கஷ்டம்? சொல்கிறவனுக்கும் சந்தோஷம், கேட்கிறவனுக்கும் சந்தோஷம். ஜெயிக்காமலே போனவர்களில் எத்தனை பேரைத் தப்பாக நினைத்தோமோ, அந்தப் பட்டியலை யாரும் எடுப்பதில்லை.

லிவர்பூல் கோல்கீப்பராக இருந்த லோரிஸ் காரியஸை எடுத்துக்கொள். 2018 மே, கீவ் நகரத்தில் ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை. இங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது, நீயும் நானும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தோம். காரியஸ் கையால் உருட்டிவிட்ட பந்து பக்கத்தில் நின்ற மாட்ரிட்டின் பென்சிமா காலில் பட்டு உள்ளே போனது. அப்புறம் அதே அணியின் பேல் ரொம்பத் தூரத்திலிருந்து அடித்த பந்து அவன் கையில் பட்டு நழுவி வலைக்குள் விழுந்தது. 3-1 என்று லிவர்பூல் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் தன் ரசிகர்கள் பக்கம் போய் அழுதுகொண்டே கைகூப்பினான். உலகம் பூராவும் சிரித்தார்கள், கொலை மிரட்டல்கூட வந்தது.

முதல் பிழைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் மாட்ரிட்டின் ரமோஸ் முழங்கை அவன் தலையில் இடித்திருந்தது. சில நாள் கழித்து அமெரிக்காவில் பாஸ்டனில் மருத்துவர்கள் பரிசோதித்து, தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கிறது, அன்றைக்கு அவன் பார்வையையும் கணிப்பையும் அது பாதித்திருக்கக்கூடும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு ஊர் என்ன சொன்னது? சாக்கு என்றது. கிளப் பெரிய பணம் கொடுத்து அலிசன் என்ற வேறு கோல்கீப்பரை வாங்கியது. காரியஸ் இரவலாக துருக்கிக்குப் போனான், அப்புறம் பெர்லினுக்குப் போனான்.

2022 செப்டம்பரில் அவனை எடுத்தது யார் தெரியுமா? உன் நியூகாசில்தான். நீ அங்கே படிக்கப் போய்ச் சேர்ந்த அந்தக் குளிர்காலம். பிப்ரவரியில் வெம்பிளியில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு லீக் கோப்பை இறுதி ஆட்டம் வருகிறது. முதல் கோல்கீப்பர் நிக் போப் முந்தின வாரம் சிவப்பு அட்டை வாங்கி ஆட முடியாது. இன்னொரு கோல்கீப்பர் டுப்ராவ்காவோ அதே சீசனில் அதே கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஏற்கெனவே ஆடிவிட்டார், விதிப்படி இறங்க முடியாது. மிச்சம் இருந்தது காரியஸ். போட்டி ஆட்டமே ஆடாமல் இரண்டு வருஷம் ஓடியிருந்தது. பெரிய இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கையுறை மாட்டினான். யுனைடெட்டின் வெக்ஹோர்ஸ்ட் அடித்ததை எம்பித் தட்டிவிட்டான். பிழை ஏதும் செய்யவில்லை. ஆனால் 2-0 என்று தோற்றார்கள்.

தோற்றதால் அந்தக் கதைக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. ஜெயித்திருந்தால் உன் மேஜையில் முதல் பேர் அதுவாகத்தான் இருந்திருக்கும். தலையில் அடிபட்டவனைப் பார்த்து ஐந்து வருஷம் சிரித்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியிருப்பார்கள். அவன் பந்தை எப்படிப் பிடித்தான் என்பதில் ஒரு மாற்றமும் இல்லாமலே.

அதனால் என்னிடம் பேர் கேட்காதே. அடுத்த தடவை கூட்டாளிகளோடு உட்காரும்போது, பின்னால் ஒன்றும் ஜெயிக்காத ஆளில் ஒருத்தர் பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார். எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று எனக்கு எழுது. உன் ஆபீஸின் அந்த ஸ்காட்லாந்துக்காரப் பையன் சொல்வான் என்று நினைக்கிறேன், அவன் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, நடக்கப் போகிறார். ஊருக்கு வரும்போது மாமாவுக்கு ஜோயலின்டன் பேர் போட்ட ஏழாம் நம்பர் சட்டை எடுத்து வா. எல் சைஸ் என்று சொல்வார், நம்பாதே, எக்ஸ்எல் எடு.

அன்புடன்,
அம்மா