கியர் விழவில்லை என்றால் முதலில் பெடலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கியர் சரியாக விழவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, செட்டாக மாற்றிவிடுங்கள்' என்று அதில் ஒரு வரி இருந்தது. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவதுதான் என் தொழில். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் புது பிளேட், அதை இன்ஜின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் புது பிரஷர் பிளேட் எல்லாம் போட்டுவிட்டு, பழைய கோளாறு அப்படியே இருக்க, என்னிடம் வண்டியைக் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கிளட்ச் கோளாறு இரண்டு வகை. ஒன்று இன்ஜின் சுழற்சியைப் பிடிக்காமல் போவது, இன்னொன்று பெடலை மிதித்தும் விடாமல் இருப்பது. இரண்டும் நேரெதிர். தேய்ந்த பிளேட் பொதுவாகப் பிடிக்காது, ஸ்லிப் ஆகும். கியர் விழாமல் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடாததால். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கியர்பாக்ஸை வீணாகத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்லிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். காலியான சாலையில் நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் தாவி ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. டர்போ வண்டியில் பூஸ்ட் முழுதாக வரும் இடத்தில்தான் இது முதலில் தெரியும், ஏனென்றால் டார்க், அதாவது இன்ஜினின் திருகு விசை, அங்கேதான் அதிகம். பவர் கூட்ட டியூனிங் செய்த வண்டியில், பிளேட் நன்றாக இருந்தும் பழைய பிரஷர் பிளேட்டால் அந்த டார்க்கைத் தாங்க முடியாமல் போகும்.

இப்போது விடாத கிளட்ச். முதலில் ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். தடித்த மேட் ஒன்று பெடலைக் கடைசிவரை போகவிடாமல் தடுத்தால் அதுவே போதும், கியர் முரண்டு பிடிக்க. அப்புறம் இன்ஜினை நிறுத்தி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நின்ற இன்ஜினில் வெண்ணெய் போல விழுந்து, ஓடும் இன்ஜினில் விழாமல் இருந்தால் சந்தேகம் கிளட்ச் மேல் போக வேண்டும், கியர்பாக்ஸ் மேல் இல்லை. இன்ஜின் ஐடிலில் ஓட, பெடலை முழுதாக மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், கிடையாது. அதனால் கிளட்ச் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தாலும் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நான் எப்போதும் செய்யும் சோதனை. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டு கியர் போடுங்கள். அப்போது மட்டும் விழுந்தால் கோளாறு ஹைட்ராலிக்கில், அதாவது பெடல் அழுத்தத்தை ஃப்ளூயிட் வழியாக கிளட்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பில். காற்று புகுந்திருக்கும், அல்லது பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இரண்டில் ஒன்றின் ரப்பர் சீல் போயிருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே, பெடல் ராடு, இன்ஜினைப் பிரிக்கும் சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள், ஈரமாக இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 பழைய மாடல்களில் இந்த ஸ்லேவ் சிலிண்டர் கசிவது ஊரறிந்த விஷயம். அதில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதால் சின்ன வேலைதான். நிசான் 370இசட் போன்றவற்றில் ஸ்லேவ், கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அப்படி இறக்கும்போதும் காரணம் தெரிந்து இறக்குகிறோம்.

ஃப்ளூயிடையும் பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பெரும்பாலான வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக் ஃப்ளூயிட்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கறுத்துப் போயிருந்தால் மாற்றி, ஏர் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டேங்க், அதனால் மட்டம் குறைந்தால் மேலே ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கே கசிகிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, கரகரத்தால் கதை வேறு. கிளட்ச் விடாவிட்டால் தொல்லை பொதுவாக எல்லா கியரிலும் இருக்கும். மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு சின்ன ரேஸ், மறுபடி மிதித்து கீழ் கியர் என்று இறக்கும்போது சத்தமில்லாமல் விழுந்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அந்த முடிவுக்கு வரும் முன் கியர்பாக்ஸ் ஆயிலை விசாரியுங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றியிருப்பார்கள். சின்க்ரோ வேலை செய்ய உராய்வு வேண்டும், வழுக்கல் கூடினால் அது பிடிக்காது. சில ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை வளையத்தையும் அரிக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள். குளிர்ந்த ஆயிலில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் கனமாக இருந்தால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

சத்தத்துக்கு ஒரு வரி. பெடலை மிதித்தால் கிளம்பும் சத்தம், கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் இருந்து, மிதித்தால் நின்றுபோகும் சத்தம், கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். உங்கள் அடுத்த வாகனப் பக்கத்தில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். 'எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது?' என்று கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் எழுதி வாங்கச் சொல்லியும் ஒரு குறிப்பு சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் மெக்கானிக், உங்கள் நீண்டநாள் வாசகர்