இரண்டு எத்தி மொர்த்ததெல்லா

அன்புள்ள கயல்,

இத்தாலிய மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்தும் பேச்சு நகரவில்லை என்று எழுதியிருந்தாய். சொற்கள் போதாததால் வந்த தேக்கம் இல்லையம்மா இது. நிகழ்கால வினைகளையும் கைஜாடையையும் வைத்தே பொலோஞாவில் காரியம் நடந்துவிடுகிறது. அதனால் மொழி அங்கேயே நின்றுவிடுகிறது. புதுச் சொற்பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வை.

முதலில் 'அதில்' என்று பொருள்படும் 'நே'யைப் பிடி. அதற்கு, பதப்படுத்திய இறைச்சி விற்கும் சலுமெரியாவைவிட நல்ல வகுப்பு கிடையாது. எண் சீட்டு வாங்கிக்கொண்டு, முன்னால் நிற்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனி. எல்லாம் எத்தோ கணக்குதான். ஓர் எத்தோ 100 கிராம். உன் முறை வந்ததும் கடைக்காரர் "மி தீகா" (சொல்லுங்கள்) என்பார். மொர்த்ததெல்லா என்ற பன்றியிறைச்சி சாசேஜ் வேண்டும் என்றால், "க்வாந்தா நே வுவோலே?" என்று அளவு கேட்பார். "துவே எத்தி" (இரண்டு எத்தோ) என்று மட்டும் சொன்னாலும் வெட்டித் தருவார். தப்பிக்காதே, "நே வொர்ரெய் துவே எத்தி" (அதில் இரண்டு எத்தோ வேண்டும்) என்று முழுதாகச் சொல். பொருளின் பெயரைத் திரும்பச் சொல்லாமல் அளவை மட்டும் வைத்து வாக்கியம் அமைத்தால், வினைக்கு முன்னால் நே வந்தாக வேண்டும். நமக்கு "இருநூறு கிராம் குடுங்க" என்றாலே போதும். அந்தப் பழக்கத்தில்தான் நே விழுந்துபோகிறது. "ஆல்த்ரோ?" (வேறு ஏதாவது?) என்றால், "பாஸ்தா கொஸீ, க்ராத்ஸியே" (இது போதும், நன்றி) என்று சொல்.

அவர் சொன்ன "மி தீகா" மரியாதை வடிவம். நாம் மரியாதைக்குப் பன்மையைப் போடுகிறோம். அங்கே படர்க்கை ஒருமை, 'லெய்'; 'அவள்' என்பதற்கும் இதே சொல்தான். எதிரே நிற்பவர் ஆணானாலும் அதேதான். பெரியவர்களிடமும் பேராசிரியர்களிடமும் அவர்களாகச் சொல்லும்வரை 'தூ'வுக்கு, அதாவது 'நீ'க்கு, இறங்காதே; நெருங்கியவர்களிடம் சொல்லும் 'ச்சாவ்' வேண்டாம்.

'மி பியாச்சே' நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவே அமைந்தது, அதனால் சீக்கிரம் வரும். ஆனால் நம் 'பிடிக்கும்' ஒன்றுக்கும் பலவற்றுக்கும் மாறாது. அங்கே ஒலிவப் பழங்கள் என்றால் 'மி பியாச்சொனோ லெ ஒலீவே'. இதில்தான் தமிழர் வழுக்குவது.

உச்சரிப்பில் நம் தொல்லை வேறு. இரட்டை மெய் நமக்குப் புதிதல்ல. ஒற்றை மெய்தான் சிக்கல். உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை ப, த, க நம் வாயில் தானாக மெலிந்துவிடும். மெலியக் கூடாதே என்று அழுத்தினால் இரட்டையாகிவிடும். முடி திருத்துபவரிடம், முடியைக் குறிக்கும் 'கபெல்லி'க்குப் பதில் 'கப்பெல்லி' என்றால் தொப்பிகளை வெட்டச் சொன்னதாகும். அந்த ஒற்றைப் பகரத்தை 'பல்' என்பதன் முதல் எழுத்தைப் போல வல்லினமாக, ஆனால் நிறுத்தாமல் சொல். அழுத்தம் விழும் அசையில் உயிரின் நீளத்தைப் பார்: மண்வாரி 'பாலா', பந்து 'பல்லா'. ஜோடி ஜோடியாகச் சொல்லிக் கைபேசியில் பதிந்து கேள்.

இறந்தகாலத்துக்குத் தினமும் இரவில் பத்து வாக்கியம் எழுது. மழை பெய்துகொண்டிருந்தது, கூட்டமாக இருந்தது போன்ற பின்னணிக்கு இம்பெர்ஃபெத்தோ. நடந்து முடிந்த செயலுக்குப் பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ. ஒருவரை 'கொனொஷேவோ' என்றால் முன்பே பழக்கம், 'ஓ கொனொஷ்யூத்தோ' என்றால் அன்றுதான் அறிமுகம். இதைக் கலந்தால் கதையே மாறிவிடும். நாவல்களில் வரும் இன்னோர் இறந்தகால வடிவமான பஸ்ஸாத்தோ ரெமோத்தோவை அடையாளம் கண்டால் போதும். பொலோஞாப் பேச்சில் அது அரிது.

தேர்வு எழுதுவதானால் சியேனாவின் சில்ஸ் பி1, அல்லது பெருஜாவின் செலி 2. இரண்டும் ஒரே நிலை, ஏ2க்கு அடுத்தது. ஐயமும் விருப்பமும் சொல்லும் வினைவடிவமான கொன்ஜுன்தீவோ தடுமாறாமல் வந்த பிறகு பி2க்குப் பணம் கட்டு.

அப்பா