இதய பம்ப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். தளர்ந்த இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பொருத்தும் பம்புகளில், நீங்கள் விற்பனையை நிறுத்திவிட்ட ஒன்றின் அழுத்த-ஓட்ட வளைகோட்டையும் (எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஓட்டம் தரும் என்று காட்டும் கோடு) உள் வடிவத்தையும் கேட்டு உங்களில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். 'வணிக ரகசியம்' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. விற்காத பொருளில் என்ன வணிகம் என்று விளங்கவில்லை. அதைப் பொருத்திக்கொண்ட நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

பம்பின் வேகத்தைக் கூட்டினால், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயிலான மகாதமனி வால்வு திறக்காமலே போகுமா, அங்கே ரத்தம் தேங்கி உறையுமா, இதயத்தின் கீழறைச் சுவர் பம்பின் உறிஞ்சுகுழாய் வாயை அடைத்துவிடுமா? இவற்றைக் கணினியில் கணிக்க அந்த வளைகோடு வேண்டும். அது இல்லாததால், கட்டுரையில் அச்சான ஒரு சின்னப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து எண்களை எடுக்கிறோம். பெரிதாக்கினால் கோடும் தடிக்கிறது. அதன் மேல் விளிம்பை எடுப்பதா, கீழ் விளிம்பையா? கோடு தட்டையாகப் போகும் இடத்தில் அழுத்தம் நூலளவு பிசகினாலும் ஓட்டம் எங்கோ போய்விடும். அப்புறம், அது சீரான ஓட்டத்தில் எடுத்த கோடு. துடிக்கும் இதயத்தோடு இணைத்தால் பம்ப் அந்தக் கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வளையம் போட்டு வருகிறது.

உள் வடிவம் இல்லாத கஷ்டம் தனி. பம்புக்குள் சுழலும் ரோட்டாருக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடுக்கை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிவப்பணுச் சிதைவுக்குப் பலரும் எடுத்தாளும் 1990-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் உரசல் தகைவின் (ஓட்டத்தில் அணுக்களை இழுக்கும் உரசலின் அளவு) அடுக்கு சுமார் 2.4. இடுக்கைப் பாதியாக ஊகித்தால் தகைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மற்றவை மாறாவிட்டால் சிதைவு ஐந்து மடங்கைத் தாண்டும். உங்கள் விளம்பர ஏடுகளில் மட்டும் ரத்த ஓட்டம் வண்ண வண்ணமாக ஓடுகிறது. ஓட்டப் பாதையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்ட மெஷ் எது, ரத்தத்தின் பிசுபிசுப்பு எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு அழகு.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ, சோதனைக்கென ஒரு எளிய மையவிலக்கு பம்பை வடிவமைத்து அதன் விவரங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் அந்த பம்ப் யார் நெஞ்சிலும் இல்லை. உங்களுடையது இருக்கிறது. தயவுசெய்து, உற்பத்தி நின்றுபோன பம்புகளுக்காவது வளைகோட்டை எண்களாகவும் ரத்தம் செல்லும் பாதையை ஒரு கோப்பாகவும் வெளியிடுங்கள். எந்த வேகத்தில், எந்தத் திரவத்தில் அளந்தீர்கள் என்ற குறிப்பும் வேண்டும். மோட்டாரும் மின்சுற்றும் உங்களிடமே இருக்கட்டும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டுமென்றால், படிவத்தை அனுப்புங்கள், போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
ரத்த ஓட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கும் ஓர் ஆய்வாளர்